இருப்புக் கொள்ளாத வீடு

கோயமுத்தூரில் வீடு விற்கிறவர்கள் கலாமணிக்கு வைத்திருந்த பெயர் 'உட்காராத மேடம்'. வீட்டுக்கு நட்சத்திரம் போடுகிற அதிகாரி என்றால் சோபாவில் சாய்ந்து, ஜூஸ் குடித்து, ஏசிக் காற்று வாங்கிவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார் என்பது ஊர் வழக்கம். கலாமணி நின்றபடியே சுவரைத் தட்டிப் பார்ப்பாள், நின்றபடியே ஜன்னல் இடுக்கில் விரலை விட்டுப் பார்ப்பாள், காபியைக்கூட நின்றே குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவாள். ஒரு நாளைக்கு ஆறு வீடு, ஏழு வீடு. மற்ற அதிகாரிகள் மூன்றாவது வீட்டிலேயே முதுகு வலிக்கிறது என்பார்கள். தன் சுறுசுறுப்பைப் பற்றி அவளுக்கு உள்ளூரக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அந்த வெள்ளிக்கிழமை மட்டும் அவளுக்கு வேலையில் கை ஓடவில்லை. சாயங்காலம் நான்கு மணிக்கு அவளுடைய சொந்த வீட்டைப் பார்க்க ஆள் வருகிறார்கள். அதற்காகக் கணவன் ஈஸ்வரனும் பவானியிலிருந்து வருகிறான். வந்தவர்களுக்குப் பிடித்துப்போனால் இரண்டு பேரும் சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும். பிள்ளை குட்டி இல்லை. வீடும் கைமாறிவிட்டால் அவர்களுக்குப் பொதுவாக இந்த உலகத்தில் ஒன்றுமே மிச்சமில்லை.

எட்டு மாதத்துக்கு முன்னால் ஈஸ்வரன் அண்ணன் வீட்டுக்குப் போனான். சண்டை இல்லை, சச்சரவு இல்லை. "இந்த வீட்ல என்னால இருக்க முடியல கலா" என்று மட்டும் சொன்னான். அந்த ஒரு வாக்கியத்தை அவள் எட்டு மாதமாக மென்றுகொண்டிருக்கிறாள். என்ன குறை வைத்தோம் என்று தெரிந்தால் அவன் காலில் விழக்கூடத் தயார். தெரியவில்லை என்பதுதான் அவளைத் தின்றது.

நட்சத்திரத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடலாம். வெயில் நாற்பத்தெட்டைத் தொட்ட அந்த நாலைந்து கோடைகளுக்குப் பிறகு, ஊருக்கெல்லாம் ஏசி ஓட்ட மின்சாரம் போதவில்லை. மின்சிக்கன நட்சத்திரம் இல்லாத வீட்டைப் பத்திரம் பதியக் கூடாது என்று சட்டம் வந்தது. ஆறு நட்சத்திரம் வாங்கிய வீட்டை விளம்பரம் போட்ட அன்றைக்கே கொத்திக்கொண்டு போனார்கள். இரண்டு நட்சத்திர வீட்டைப் பார்க்க வருகிறவர்கள் வாசலிலேயே மூக்கைச் சுளித்தார்கள். வீட்டுக்கு வீடு சுவரில் ஒரு பெட்டி ஏறியது. அதற்குச் 'சிக்கனி' என்று பெயர். ஏசி, விளக்கு, விசிறி, வெந்நீர், காற்று வரும் குழாய் எல்லாம் அதன் கையில். அதற்குக் கொடுத்த கட்டளை ஒன்றே ஒன்று: யூனிட்டைக் குறை. எப்படிக் குறைப்பது என்று யாரும் சொல்லித் தரவில்லை. வீட்டில் இருப்பவர்களைப் பார்த்துப் பார்த்துத் தானே கற்றுக்கொள்ளும்.

முதலில் தலைக்கு இத்தனை யூனிட் என்றுதான் கணக்கிட்டார்கள். நம் ஜனங்கள் சும்மா இருப்பார்களா? ஹாஸ்டலில் படிக்கும் பிள்ளை, துபாயில் இருக்கும் மச்சான், போன வருஷம் திதி கொடுத்த மாமனார் என்று எல்லாரையும் குடும்பத்தில் சேர்த்து எழுதினார்கள். இரண்டு பேர் குடியிருக்கும் வீட்டில் பதினோரு தலை இருந்தது. விதிகளைத் திருத்திய குழுவில் கலாமணியும் இருந்தாள். தலைக்கணக்கையே தூக்கிவிடலாம், வீட்டுக்கு மொத்தம் எத்தனை யூனிட் என்று பார்த்தால் போதும் என்று யோசனை சொன்னவளே அவள்தான். மேசையைத் தட்டி எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள்.

அன்றைய முதல் வீடு வடவள்ளியில். கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்க்கும் தாமோதரனுடையது. அவன் வாசலிலேயே காத்திருந்தான்.

"வாங்க மேடம். உக்காருங்க, மோர் கொண்டாரச் சொல்றேன்."

"இருக்கட்டுங்க. சிக்கனியோட பதிவக் காட்டுங்க, அது போதும்."

பதிவின் கடைசிப் பக்கத்தில் வருஷ மொத்தம் இருக்கும். அதிகாரிகள் பார்ப்பது அந்த ஒரு பக்கம்தான். கலாமணி பார்த்தாள். போன வருஷத்தில் பாதிகூட இல்லை.

"ஆறு நட்சத்திரம் வந்துரும் போல இருக்குதுங்களே. வீட்ல எத்தன பேரு?"

படிவத்தில் அந்தக் கேள்வியே கிடையாது. பழக்கத்தில் கேட்டுவிட்டாள்.

"நானு, சம்சாரம், அப்பா. மூணு பேருங்க. நாங்க ரெண்டு பேரும் பகல்ல வேலைக்குப் போயிருவம்."

"அப்பாவக் காணமே?"

தாமோதரனின் முகம் சுருங்கியது. ஜன்னல் பக்கம் தாடையைக் காட்டினான். எதிரே பாதி கட்டி நின்ற வீடு. அதன் நிழலில், செங்கல் அடுக்கின் மேல் ஒரு பெரியவர் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காலை பத்து மணிக்கே தார் ரோடு கானல் விட்டது.

"வீட்டுக்குள்ள இருக்கவே மாட்டேங்கறாருங்க மேடம்" என்றான் தாமோதரன், குரலைத் தாழ்த்தி. "உள்ள போனா கொஞ்ச நேரத்துல எந்திரிச்சு வந்தர்றாரு. டாக்டர்கிட்டக் காட்டுனேன். வயசானா சிலருக்கு இப்படி இருப்புக் கொள்ளாம போயிருமாம். மாத்திர குடுத்திருக்காங்க. வீட்ட வித்துட்டு நாங்க சின்ன அபார்ட்மென்ட்டுக்குப் போறோம். அப்பாவ அன்னூர்ப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்துல சேக்கறதாப் பேசியாச்சு. என்னங்க பண்றது? நாள் பூரா கூட உக்காந்திருக்க எங்களால முடியுமுங்களா?"

கலாமணிக்கு அவன் சொன்னதில் பாதி காதில் ஏறவில்லை. வீட்டுக்குள் இருக்க முடியவில்லை என்று இன்னொரு மனிதர் சொல்கிறார். அவள் ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போனாள்.

பெரியவரின் பெயர் வெள்ளிங்கிரி. நூல் மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவளைப் பார்த்ததும் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"வாங்கம்மணி. ஸ்டார் போடற அதிகாரி நீங்கதானுங்களா? அப்பனுக்குக் கிறுக்குன்னு பையன் சொல்லியிருப்பானே?"

"அப்படியெல்லாம் சொல்லலீங்கய்யா. வீட்டுக்குள்ள என்ன பண்ணுதுன்னு கேக்கலாம்னு வந்தேன்."

"உள்ள போயி உக்காந்தா மொதல்ல நல்லாத்தான் இருக்குதுங்க. சில்லுனு இருக்கும், பேப்பர் படிப்பேன். அப்பறம் நெஞ்சுக்குள்ள பெசையற மாதிரி ஆயிரும். மூச்சு முட்டுதுன்னும் சொல்ல முடியாது, வலின்னும் சொல்ல முடியாது. எந்திரிச்சுப் போடான்னு யாரோ முதுகுல கை வெச்சுத் தள்ற மாதிரி. வெளிய வந்தனா, ரெண்டு நிமிசத்துல செரியாப் போயிருது."

"எவ்வளவு நேரத்துல அப்படி ஆகுதுங்க?"

வெள்ளிங்கிரி அவளை நிமிர்ந்து பார்த்தார். கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது.

"இத ஒருத்தனும் கேக்கல பாருங்க. டாக்டரும் கேக்கல, எம்பையனும் கேக்கல."

சட்டைப் பையில் மாத்திரை அட்டைக்குப் பின்னால் இருந்து ஒரு சின்ன டைரியை எடுத்தார். காதில் செருகியிருந்த பென்சிலால் எழுதிய எண்கள், பக்கம் பக்கமாக.

"தை மாசத்துல அம்பத்திரண்டு நிமிசம். மாசில நாப்பத்தஞ்சு. இப்ப முப்பத்தெட்டு. ஒண்ணு முன்னப் பின்ன இருக்கும், அவ்வளவுதான். ஏனுங்கம்மணி, மனுசனுக்குக் கிறுக்குப் புடிச்சா கடியாரம் பாத்தா புடிக்கும்? முப்பத்தஞ்சு வருசம் மெசினுக்குக் காது குடுத்தவன் நானு. நேரந் தவறாம வருதுன்னா அது மெசினு பண்ற வேல. எங்கிட்ட எந்த மெசினுன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியல. நீங்கதான் கண்டுபுடிக்கோணும்."

கலாமணி திரும்ப உள்ளே வந்து பதிவின் முன்பக்கங்களைத் திறந்தாள். எட்டு வருஷ வேலையில் அவள் அதைத் திறந்ததே இல்லை. ஆயிரக்கணக்கான வரிகள். பெரியவரின் அறை எண் மூன்று. அதை மட்டும் பிரித்து எடுத்தாள்.

அறை 3. ஆள் ஒன்று. விசிறி வேகம் குறைப்பு. பலன் இல்லை.

அறை 3. ஆள் ஒன்று. விளக்கு மங்கல். பலன் இல்லை.

அறை 3. ஆள் ஒன்று. காற்று வரத்துக் குறைப்பு, ஒன்றரை டிகிரி கூடுதல். 52 நிமிடம். அறை காலி.

அதற்குப் பிறகு விசிறியும் இல்லை, விளக்கும் இல்லை. காற்றும் சூடும்தான். அறை காலி, அறை காலி, அறை காலி என்று பக்கம் பக்கமாக ஓடியது. நேற்றைய வரியில் 38 நிமிடம் என்று இருந்தது. டைரியும் பெட்டியும் ஒரே கணக்கைத்தான் எழுதியிருந்தன.

"என்னங்க மேடம்?" என்றான் தாமோதரன். "ஏதாச்சும் கோளாறா? பன்னண்டு மணிக்கு வாங்கறவங்க வர்றாங்க."

"கோளாறே இல்லீங்க. ரொம்ப நல்லா வேல செய்யுது." "இது காத்துப் புகாத வீடு. இடுக்கெல்லாம் அடச்சிருக்கோம், அப்பத்தான் குளிர்ச்சி தங்கும். மூச்சு விடற காத்து அந்தக் குழாய் வழியாத்தான் உள்ள வரோணும். அதச் சிக்கனிதான் தெறந்து மூடுது. ஆள் இருந்தா ஏசி ஓடோணும், விசிறி ஓடோணும். ஆள் இல்லைன்னா ஒண்ணும் வேண்டாம். அதனால உங்கப்பா எதுக்கு எந்திரிச்சுப் போவாருன்னு ஒவ்வொண்ணாச் செஞ்சு பாத்திருக்குது. கண்டுபுடிச்சிருச்சு."

"அது பெட்டிங்க மேடம். அதுக்கு யாரு சொல்லிக் குடுத்தது?"

"யாரும் சொல்லலீங்க. வீட்டுக்கு எத்தன யூனிட்னு மட்டுந்தான் அதுகிட்டக் கேட்டோம். அந்த வீட்ல மனுசன் இருக்கானான்னு கேக்கல."

கேட்டோம் என்று பன்மையில் சொல்லித் தப்பித்துக்கொண்டாள். கேட்க வேண்டாம் என்று சொன்னது யார் என்று அவளுக்குத் தெரியும்.

தாமோதரன் அந்த வரிகளை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தான். பிறகு விடுவிடுவென்று வெளியே போனான். வெறுங்காலோடு தார் ரோட்டில் ஓடுகிறவனைப் பார்த்து ஒரு ஆட்டோ ஹாரன் அடித்தது. அப்பாவின் முன்னால் போய் நின்று, அவர் சட்டைப் பையில் கையை விட்டு மாத்திரை அட்டையை எடுத்துச் சாக்கடையில் எறிந்தான். என்ன சொன்னான் என்று கலாமணிக்குக் கேட்கவில்லை. வெள்ளிங்கிரி எழுந்து மகன் தலையில் கை வைத்தது தெரிந்தது.

"சர்ட்டிபிகேட் இன்னிக்குக் குடுக்க முடியாதுங்க" என்று அவள் திரும்பி வந்தவனிடம் சொன்னாள். அவன் தலையை மட்டும் ஆட்டினான்.

வண்டியை எடுத்தபோது அவளுக்கு வெட்கமில்லாமல் ஒரு சந்தோஷம் பொங்கியது. இத்தனை வருஷமாக ஊர் முழுக்கச் செய்து வைத்த காரியத்துக்கு அழ வேண்டும். அழுகை வரவில்லை. ஈஸ்வரன் சொன்னதுதான் காதில் ஒலித்தது. இருக்க முடியவில்லை என்றானே! குறை அவளிடம் இல்லை, பெட்டியில் இருக்கிறது. மில்களுக்குத் துணி டிசைன் வரைகிற வேலை அவனுக்கு. நாள் முழுக்க வீட்டில் கிடக்கிறவன் அவன். சிக்கனி அவனைத்தான் பிடித்துத் தள்ளியிருக்கும். அவன் வந்ததும் பதிவைக் கையில் கொடுத்துவிடலாம். படித்தால் புரிந்துகொள்வான், பையை எடுத்துக்கொண்டு திரும்பி வந்துவிடுவான். மிச்சமிருந்த நாலு வீட்டுக்காரர்களுக்கும் போன் போட்டு இன்றைக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டு, தன் வீடு இருக்கும் கவுண்டம்பாளையம் வரை வண்டியை விரட்டிக்கொண்டு வந்தாள்.

வீட்டில் கணினியைச் சாப்பாட்டு மேசையில் வைத்து, நின்றபடியே பதிவைத் திறந்தாள். இந்த வீட்டுக்கும் ஆறு நட்சத்திரம்தான். உடன் வேலை பார்க்கும் ஒருவர் போட்டுக் கொடுத்தது. சிக்கனி அவளை ஆள் ஒன்று என்றும் ஈஸ்வரனை ஆள் இரண்டு என்றும் குறித்திருந்தது. ஆள் இரண்டைப் பிரித்து எடுத்தாள்.

பதினொரு வரிதான் வந்தது. பதினொன்றிலும் பலன் இல்லை. கடைசி வரியில், முயற்சி கைவிடப்பட்டது என்று இருந்தது.

ஏசியே பிடிக்காமல் ஜன்னலைத் திறந்து வைத்து, ஒற்றை விசிறிக்குக் கீழே லுங்கியோடு உட்கார்ந்து வரைகிறவனிடமிருந்து எதை மிச்சம் பிடிப்பது? பெட்டி பார்த்தது, விட்டுவிட்டது. அதற்குப் பிறகு, அவன் கிளம்பும்வரை, அவனை அது தொடவே இல்லை.

அப்படியென்றால் அவன் ஏன் போனான்? அப்போதுதான் மிச்சம் இருந்த பக்கங்கள் அவள் கண்ணில் பட்டன. எல்லாம் ஆள் ஒன்று. ஏசி போட்டால்தான் தூக்கம், கொதிக்கக் கொதிக்க வெந்நீர், எல்லா அறையிலும் விளக்கு எரிய வேண்டும் என்கிற ஆள் ஒன்று. மூவாயிரத்துச் சொச்சம் வரிகள். கூடம், ஆள் ஒன்று, அறை காலி. சமையலறை, ஆள் ஒன்று, அறை காலி. சாப்பாட்டு மேசை, ஆள் ஒன்று, அறை காலி. முதல் மாதத்தில் நாற்பத்தொரு நிமிடம் பிடித்தது, ஈஸ்வரன் கிளம்பிப்போன மாதத்தில் பத்தொன்பதாகச் சுருங்கியிருந்தது.

சாப்பாட்டுத் தட்டோடு மொட்டை மாடிக்குப் போனது, ஞாயிற்றுக்கிழமையும் யாருக்காவது வீடு பார்க்கக் கிளம்பியது, டிவியில் ஓடும் சினிமா பாதியில் எழுந்து கடைக்குப் போனது எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன. அதைத்தான் சுறுசுறுப்பு என்று நினைத்திருந்தாள்.

ஈஸ்வரன் நாலு மணிக்குப் பத்து நிமிடம் முன்பே வந்துவிட்டான். கொஞ்சம் இளைத்திருந்தான். வாசலில் விருந்தாளி மாதிரி தயங்கி நின்றான்.

"வாங்க. இதக் கொஞ்சம் படிங்க" என்றாள்.

அவன் உட்கார்ந்து படித்தான். இடையிடையே கேள்வி கேட்டான். அவள் வெள்ளிங்கிரி கதையையும் தலைக்கணக்கை எடுத்த கதையையும் சொன்னாள். அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான், மறுபடி போட்டான்.

"எம்பக்கத்துல வந்து உக்காருவ. பத்து நிமிசத்துல முள்ளு மேல உக்காந்த மாதிரி நெளிவ. எந்திரிச்சுப் போயிருவ. தெனமும் இதேதான். நான் என்னன்னு கலா நெனைக்கறது? இவளுக்கு என்னப் புடிக்கல, வாய் தெறந்து சொல்ல மாட்டேங்கறான்னு நெனச்சேன். ஆளில்லாத வீட்ல குடியிருக்கற மாதிரி இருந்துச்சு. அதுக்கு அண்ணன் வீட்ல தின்னுட்டு ஏச்சு வாங்கறது தேவலைன்னு போயிட்டேன்."

"எனக்கே தெரியாதுங்க. சத்தியமாத் தெரியாது."

"தெரியுது" என்றான் அவன். அவனுக்குக் கண் கலங்கியிருந்தது.

வீடு பார்க்க வருகிறவர்கள் தெருமுனையில் நின்றுகொண்டு போன் செய்தார்கள். ஈஸ்வரன் எடுத்தான். "மன்னிச்சுக்குங்க. இன்னிக்கு வேண்டாங்க" என்று வைத்துவிட்டான். பிறகு நாற்காலி போட்டு ஏறி, சிக்கனிக்குப் போகும் ஒயரைப் பிடுங்கினான். பெட்டியின் பச்சை விளக்கு அணைந்தது. ஜன்னல்கள் எல்லாவற்றையும் திறந்தான். வெளியே இருந்த வெக்கை மொத்தமும் உள்ளே வந்தது. எதிர் வீட்டுக் குக்கர் சத்தமும் வந்தது.

"உக்காரு" என்றான்.

எதிரெதிரே உட்கார்ந்தார்கள். பவானியில் அண்ணி மூன்று வேளையும் ராகிக் களி போட்டுக் கொன்றதைச் சொன்னான். அவள் சிரித்தாள். எட்டு மாதத்தில் இப்படிச் சிரித்ததில்லை. வேர்த்துக் கொட்டியது, யாரும் கவலைப்படவில்லை. அந்தச் சம்மதக் கடிதத்தைப் பற்றி இருவருமே பேசவில்லை. அவள் வெள்ளிங்கிரியின் டைரியைப் பற்றி மறுபடி ஆரம்பித்தாள். அவர் பென்சிலைக் காதில் செருகியிருந்த அழகைச் சொல்லிக்கொண்டிருந்தபோது ஈஸ்வரன் சிரிப்பை நிறுத்தியிருப்பதைக் கவனித்தாள். அவன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். உட்கார்ந்து பத்தொன்பது நிமிடம் ஆகியிருந்தது. பிறகு அவளை நிமிர்ந்து பார்த்தான்.

"ஏனுங்க?"

"ஒயரப் புடுங்கியாச்சுதான கலா?"

"ஆமா, நீங்கதான புடுங்குனீங்க."

சொல்லி முடிக்கும்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவன் நாற்காலியில் அங்கே இருந்தான். அவள் வாசல்படியில் நின்றுகொண்டிருந்தாள். எப்போது எழுந்தாள், எப்போது கூடத்தைத் தாண்டினாள் என்று தெரியவில்லை. ஒரு கால் செருப்புக்குள் போயிருந்தது. இன்னொரு கால் தானாக அடுத்த செருப்பைத் தேடிக்கொண்டிருந்தது. கலாமணி கதவைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே போக வேண்டும் என்று மனசு கெஞ்சியது, கால் நகரவில்லை. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

ஈஸ்வரன் எழுந்து வந்தான். திட்டுவான் என்று நினைத்தாள், கையைப் பிடித்து உள்ளே இழுப்பான் என்றும் நினைத்தாள். அவன் குனிந்து தன் செருப்பை மாட்டிக்கொண்டான்.

"செரி, நட. நானும் வர்றேன்."

"இந்த வெயில்லயா?"

"வெயில்லதான்" என்றான் அவன், கதவைச் சாத்திக்கொண்டே.